டிக்கிக்குப் போன பற்றரி

எங்கள் காரின் பற்றரி முன்பக்கத்திலிருந்து டிக்கிக்குப் போனதற்குக் கடல்தான் காரணம். கடலோடு யாரும் வழக்குப் பேச முடியாது என்பதால், பிறகு நடந்தவற்றுக்கு வேறு காரணங்களைத் தேடவேண்டியதாயிற்று.

கடல் ஊருக்குள் வந்த அன்று அப்பாவின் கார் களுதாவளைப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் நின்றது. ஹயர் ஓடும் வாடகைக் கார். அப்பாவும் காரில் போனவர்களும் ஓடித் தப்பிவிட்டார்கள், கார் ஓடவில்லை. தண்ணீர் வற்றிய பிறகு பார்த்தால், பின்பக்கம் ஒரு மண்மேட்டில் ஏறியிருக்க, மூக்கை உப்புத் தண்ணீரில் குத்திக்கொண்டு கிடந்தது. பொனட்டைத் திறந்தபோது உள்ளே சேறும் பாசியும் ஒரு சின்னப் பிள்ளையின் செருப்பும் இருந்தன. செருப்பை ஒரு தென்னையடியில் வைத்துவிட்டு வந்ததாக அப்பா அம்மாவிடம் சொன்னார். யாராவது தேடி வருவார்கள் என்று அவர் நினைத்திருக்கவேண்டும்.

அந்தக் காரைக் கழுவி, கழற்றி, உயிர் கொடுத்தவர் என் மாமா. அம்மாவின் தம்பி. ஏறாவூரில் ஒரு கராஜில் வாகனங்களுக்கு வயரிங் வேலை செய்தவர். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அப்பா கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்தவர். மாமா அதே வீட்டில் பிறந்து, இன்னும் கலியாணம் ஆகாததால் அங்கேயே இருந்தவர். வந்தவருக்கும் இருந்தவருக்கும் தேநீரின் சீனி முதல் தேர்தல் வரை எல்லாவற்றிலும் வாக்குவாதம். இருவரையும் சேர்த்து வைத்திருந்தது அந்தக் கார் ஒன்றுதான். அது ஓடினால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

ஆறேழு மாதம் ஓடியது. பிறகு உப்பு தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. பொனட்டுக்குள் பற்றரி உட்காரும் தட்டு உள்ளுக்குள்ளேயே துருவேறிக் கறள் பிடித்து, ஒருநாள் ஏறாவூர் வீதியில் பப்படம்போல் நொறுங்கிப் பற்றரி வயரில் தொங்கியது. அப்பா அதைக் கயிற்றால் இழுத்துக் கட்டி ஓட்டிக்கொண்டு வந்தார். மாமா பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

“முன்பக்கம் முழுக்கத் தின்னுப்போட்டுது அத்தான். ஒட்டுப் பிடிக்க நல்ல தகரம் இல்ல. டிக்கிதான் உப்புப் படாம இரிக்கி. பற்றரியப் பின்னால கொண்டு போவம். ஆனா முறையாச் செய்யணும்.”

“பற்றரிக்கு என்ன முறை? ரெண்டு வயர்தானே.”

இந்தப் பேச்சு நடந்தபோது நான் வாசலில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தேன். ஒன்பது வயது. என்னைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். நான் எந்தக் கேள்விக்கும் விடை சொல்லாமல் இருக்க முடியாத பிள்ளை. வகுப்பில் ஆசிரியர் கேள்வியை முடிக்கும் முன்னே என் கை உயரும். ‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்று அம்மா சொல்லுவார். நுணல் என்றால் தவளை என்று நான் அதற்கும் விளக்கம் சொல்லுவேன். ஒருமுறை காதில் விழுந்தது எதுவும் என்னை விட்டுப் போகாது. அன்று விழுந்ததும் போகவில்லை.

அப்பாவுக்குப் பியூஸ் என்றாலே இளக்காரம். பொருட்கள் வராத காலத்தில் வாகனம் ஓட்டிப் பழகியவர் அவர். பியூஸ் எரிந்தால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை அதில் சுற்றிப் போட்டுவிட்டு ஓடுவார்கள். எங்கள் பக்கத்தில் ஓடிய வாகனங்களில் பாதி அப்படித்தான் ஓடின. ஆகவே அவ்வளவு நீளமான வயருக்கு ஒரு பியூஸ் வேண்டும் என்று மாமா சொன்னதும் அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது.

“முன்னால இரிக்கக்குள்ள ஸ்ராட்டர் வயருக்குப் பியூஸ் இல்லையே மச்சான். இப்ப மட்டும் என்னத்துக்கு?”

“முன்னால இரிக்கக்குள்ள அந்த வயர் ஒரு முழம். இப்ப கார் நீளத்துக்கும் ஓடப்போகுது. சனம் குந்திற சீற்றுக்குக் கீழால. தோல் தேஞ்சு தகரத்தில முட்டிச்சுதெண்டா பற்றரி தன்ட முழு வேகத்தையும் கொட்டும். வயர் பழுத்திரும். பக்கத்தில பெற்றோல் டாங்கி. நீங்க காருக்குள்ள, பின்னால யாரோ ஒரு புள்ளத்தாச்சி. யோசிச்சுப் பாருங்க.”

அப்பா யோசித்தார். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. “அப்ப வெள்ளித்தாளச் சுத்து,” என்றார்.

“வெள்ளித்தாள் சுத்தினா அது பியூஸ் இல்ல அத்தான், ஆணி. பியூஸ் லைட்டக் காப்பாத்திறதுக்கில்ல. வயரக் காப்பாத்திறதுக்கு. வயரவிட அது நோஞ்சானா இரிக்கணும். கரைச்சல் வந்தா முதல்ல அது சாகணும். அது செத்தாத்தான் மத்ததெல்லாம் தப்பும்.”

அப்பா கடையிலிருந்து முப்பது அம்பியர் பியூஸ் ஒன்றை வாங்கி வந்து, “இந்தா உன்ட நோஞ்சான்,” என்று கொடுத்தார். மாமா அதை அப்படியே பூட்டினார். அப்பா சாவியைத் திருப்பினார். ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான், கார் செத்துப்போயிற்று. எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்ராட்டர் ஒரே மூச்சில் நூறு அம்பியருக்கு மேல் இழுக்கும் என்று மாமா அப்போதுதான் விளக்கினார். முதலிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்பா கேட்டிருக்கமாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்த கிழமை மாமா ஏறாவூரிலிருந்து இரண்டு சாமான் கொண்டு வந்தார். ஒன்று, இரும்பு ஒட்டும் வெல்டிங் மெசினின் வயர். பெருவிரல் தடிப்பு, ஆனால் பாம்புபோல் வளையும். மற்றது, உடைத்துப்போட்ட லொறி ஒன்றின் பியூஸ். இரண்டு பக்கமும் நட்டுப் பூட்டும் துளையுள்ள ஒரு தகட்டுத் துண்டு. நூற்றைம்பது அம்பியர். வயர் அதைவிடக் கூடத் தாங்கும். ஆகவே பியூஸ் முதலில் போகும். லைட்டுக்கும் ஹோனுக்கும் தனியாக ஒரு மெல்லிய வயர் இழுத்து, அதற்கு வேறொரு முப்பது அம்பியர் பியூஸ் போட்டார். இரண்டு பியூஸும் பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். எஞ்சின் பக்கம் வைத்தால் நடுவில் உள்ள வயரை யார் காப்பாற்றுவது என்று கேட்டார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் வேலை நடந்தது. பற்றரிக்கு மூடி போட்ட மரப்பெட்டி செய்தார். பற்றரியிலிருந்து வரும் வாயு டிக்கிக்குள் தேங்காமலிருக்க, பெட்டியிலிருந்து ஒரு ரப்பர்க் குழாயை அடித்தகரத்தில் துளைபோட்டு வெளியே இறக்கினார். தகரத்தின் விளிம்பு வயரை அறுக்காமலிருக்க, துளைகளுக்கெல்லாம் சைக்கிள் ரியூப்பை வெட்டி ஒட்டினார். வயர் முழுவதற்கும் ஒட்டும் கறுப்பு ரேப் நாடாவை ஒரே சீராகச் சுற்றி, சாணுக்கு ஒரு கிளிப் அடித்து, கால் விரிப்புக்குக் கீழே மறைத்துவிட்டார். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. “கலியாணப் பந்தல்கூட இப்பிடி வடிவாக் கட்டமாட்டாங்க,” என்றார் அம்மா. அப்பா மட்டும், “ரெண்டு வயருக்கு ரெண்டு கிழமை,” என்றார். ஆனால் மறுநாள் முதல் ஹயர் போகும் ஆட்களுக்கு டிக்கியைத் திறந்து காட்டியவரும் அவர்தான்.

அது சண்டை நின்றிருந்த காலம். சுனாமிக்கு உதவி செய்ய வந்தவர்களின் வாகனங்கள் வீதியெல்லாம் ஓடின. நகரத்துக்குள் நுழையும் வழியில் இருந்த இராணுவச் சோதனைச் சாவடியில் பெரிய கெடுபிடி இல்லை. அங்கே நின்றவர்களுக்கு எங்கள் காரைத் தெரியும். டிக்கியைத் திறந்து பெட்டியைப் பார்த்து, “பற்றரி, பற்றரி” என்று தாங்களே சொல்லிச் சிரித்துவிட்டு மூடுவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அப்படிப் போயிற்று. பிறகு சண்டை மறுபடி தொடங்கியது. சாவடியில் நின்ற பழைய ஆட்களை மாற்றிவிட்டார்கள். அது எங்களுக்குத் தெரியாது.

எனக்குப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியிருந்தது. சனிக்கிழமை காலையில் நகரத்தில் விசேட வகுப்பு. அப்பா என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். சாவடியில் இறக்கினார்கள். டிக்கியைத் திறந்தவன் மீசைகூடச் சரியாக முளைக்காத ஒரு சிப்பாய். மூடிய மரப்பெட்டி, அதிலிருந்து தகரத்துக்குள் இறங்கும் குழாய், கறுப்பு ரேப் சுற்றிய தடித்த வயர், அது போய் ஒளிந்துகொள்ளும் இடம். ஒரு கணம்தான் பார்த்தான். பிறகு ஏதோ கத்திக்கொண்டு பின்னால் ஓடினான்.

இன்று யோசித்தால் அவன்மீது எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த நாட்களில் வீதியில் வெடித்தவையும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கும். மாமா அதை அரைகுறையாகச் செய்து, கயிற்றைக் கட்டி, வயரைத் தொங்கவிட்டிருந்தால், ஏழையின் கார் என்று விட்டிருப்பார்கள். வடிவாகச் செய்ததுதான் வினையாகிப் போனது.

சிப்பாய்கள் எல்லோரும் மண்மூட்டைக்குப் பின்னால் போய்விட்டார்கள். துவக்குகள் அப்பாவை நோக்கி நீண்டன. அவரைத் தார் வீதியின் நடுவில் முழங்காலில் இருத்தி, கைகளைத் தலையில் வைக்கச் சொன்னார்கள். என்னை ஒருவன் தோளில் பிடித்து ஓரமாக நிறுத்தினான். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வந்தார். அவர் கத்தவில்லை. கொஞ்ச நேரம் டிக்கியைத் தூரத்திலிருந்து பார்த்தார்.

“இது யார் செஞ்சது?”

“நான்தான் சேர்,” என்றார் அப்பா.

நான் திடுக்கிட்டேன். அப்பா பொய் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. அதுவும் மாமாவின் வேலையைத் தன் வேலை என்று சொல்வது எனக்கு அநியாயமாகப்பட்டது.

“சரி. இந்தத் தகடு என்ன?”

“அது... கரண்ட் போறதுக்கு சேர்.”

“இது ஏன் இவ்வளவு மொத்த வயர்? ஏன் ரெண்டு? இந்தக் குழாயில என்ன போகும்?”

அப்பா விழித்தார். ஒரு வருடத்துக்கு மேல் ஊருக்கெல்லாம் காட்டிய மனிதருக்கு அதில் ஒன்றுக்கும் விடை தெரியவில்லை. பின்னால் நின்ற ஒருவன் துவக்குப் பிடியால் அவர் முதுகில் குத்தினான். அப்பா முன்னால் சரிந்து கையை ஊன்றினார். மறுபடி கேட்டார்கள். மறுபடி குத்தினான்.

நான் கையை உயர்த்தினேன். வகுப்பில் உயர்த்துவதுபோலவே.

அதிகாரி என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்தது அவருக்கு. “சொல்லு,” என்றார்.

சொன்னேன். பற்றரி ஏன் பின்னால் வந்தது என்று கடலிலிருந்து தொடங்கினேன். ஸ்ராட்டர் எவ்வளவு இழுக்கும், முப்பது ஏன் எரிந்தது, நூற்றைம்பது ஏன் எரியவில்லை, பியூஸ் வயரைக் காப்பாற்றத்தான், லைட்டை அல்ல, குழாயில் வாயு போகும், சைக்கிள் ரியூப் தகரம் அறுக்காமலிருக்க. ஒரு சொல் தடுமாறவில்லை. அவர் ஒருவனை அனுப்பி நான் சொன்னபடி தகட்டைக் கழற்றச் சொன்னார். கார் ஸ்ராட் ஆகவில்லை. பூட்டச் சொன்னார். ஸ்ராட் ஆனது. மண்மூட்டைக்குப் பின்னால் நின்றவர்கள் துவக்கைத் தாழ்த்தினார்கள். அப்பாவை எழும்பச் சொன்னார்கள். அந்த நேரத்தில் எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. என் அப்பாவை நான் காப்பாற்றிவிட்டேன்.

“கெட்டிக்காரி. யார் இதெல்லாம் சொல்லித் தந்தது?”

“மாமா. அவர்தான் இதச் செஞ்சவர். அப்பா இல்ல.”

“மாமாவுக்கு நல்லா வயர் வேலை தெரியுமா?”

“எல்லா வேலையும் தெரியும். கோயில் திருவிழாவுக்கு லைட்டுக் கட்டுறவரும் அவர்தான். ஆளே தொடத் தேவையில்ல. நேரத்துக்குத் தானாப் பத்தும், தானா அணையும்.”

கடைசியில் சொன்னதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. மாமாவின் பெருமை முழுவதும் வந்துசேரட்டும் என்று நானாகச் சொன்னது. அதிகாரி சட்டைப்பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து எழுதிக்கொண்டார். மாமாவின் பெயரைக் கேட்டார். அதையும் முதலெழுத்தோடு சொன்னேன். எனக்கு ஒரு டொபி தந்தார். கார் இங்கேயே நிற்கட்டும், நாளைக்கு அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வா, அவர் செய்ததைக் காட்டினால் காரைத் தருகிறோம் என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா “ஓம் சேர்” என்றார். பஸ்ஸில் நான் டொபியைத் தின்றுகொண்டு வந்தேன்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். ஓடிப்போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அம்மாவின் கை நின்றது.

“திருவிழா லைட்டையுமா சொன்ன?”

“ஓம்.”

“பேரையும்?”

“ஓம் அம்மா.”

அம்மா என்னை அடிக்கவில்லை, ஏசவில்லை. பாதித் தேங்காயைத் துருவலையிலேயே விட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். அப்பாவைக் காப்பாற்றியதற்கு ஒரு சொல் சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது.

பின்னேரம் மாமா வந்ததும் மூவரும் அறைக்குள் போனார்கள். கதவு முழுவதும் மூடியிருக்கவில்லை.

“துறையில தோணி நிக்குது தம்பி. இப்பவே படுவான்கரைக்குப் போயிரு,” என்றார் அம்மா. எங்கள் ஊரையொட்டிய வாவிக்கு மேற்கே உள்ள கரை அது. அப்போது அது இராணுவத்தோடு போரிட்ட இயக்கத்தின் கையில் இருந்தது.

“அங்க போனா அவங்களும் வயர் தெரிஞ்ச ஆளத்தானக்கா தேடுறாங்க. குண்டுக்கு வயர் கட்டித் தா எண்டுவாங்க. ஏலா எண்டு அங்க சொல்ல ஒண்ணா.”

“அப்ப ஏறாவூரில உன்ட முதலாளிட்ட போய் இரி.”

“நான் ஒளிச்சா நாளைக்கு அத்தான வந்து தூக்குவாங்க. மறுகா உனக்கு ஆரு? நான் என்ன செஞ்சன், ஒரு பற்றரிய மாத்தினன். காட்டிப்போட்டு வாறன்.”

அப்பா ‘போ’ என்றும் சொல்லவில்லை, ‘போகாதே’ என்றும் சொல்லவில்லை. சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அதற்காக நான் அவரைப் பல வருடங்கள் மன்னிக்கவில்லை. மன்னிக்க எனக்கு என்ன யோக்கியதை என்று யோசித்ததும் இல்லை.

வெளியே வந்த மாமா என் பக்கத்தில் குந்தினார்.

“எல்லாத்தையும் பிழையில்லாமச் சொன்னயா மகள்?”

“ஓம் மாமா. நூத்தம்பது எண்டும் சொன்னன்.”

“கெட்டிக்காரி,” என்றார். என் தலையில் கை வைத்தார். அந்த வீட்டில் என்னைப் புகழ்ந்தவர் அவர் ஒருவர்தான்.

காலையில் குறடும் ரேப்பும் இருந்த பையை அவர் தோளில் போட, அம்மா பறித்து வைத்துவிட்டார். அந்தச் சாமானோடு அங்கே போகவேண்டாம் என்றார். வெள்ளைச் சட்டை போட்டு, வெறுங்கையோடு அப்பாவுக்குப் பின்னால் நடந்து போனார். மத்தியானம் கார் வந்தது. அப்பா மட்டும் இறங்கினார். மாமா எல்லாவற்றையும் காட்டினாராம், அவர்களும் சிரித்துக் கதைத்தார்களாம், முகாமில் விசாரித்துவிட்டு இரண்டு நாளில் விடுவார்களாம். இரண்டு நாள் கழித்து அம்மா முகாம் வாசலுக்குப் போனபோது, அந்த ஆளை அன்று மாலையே விட்டாயிற்று, இன்னும் வீட்டுக்கு வரவில்லையா என்று அவர்களே திருப்பிக் கேட்டார்கள்.

அம்மா கிழமைக்கு ஒருமுறை போனார். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. வாவிக்கு மேலால் செல் குண்டுகள் பறந்தன. படுவான்கரைச் சனம் மூட்டை முடிச்சோடு எங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து இருந்தது. நான் பரீட்சையில் சித்தியடைந்தேன். காரை அப்பா பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார்.

நான் என்ன செய்தேன் என்பது எனக்கு எப்போது விளங்கியது என்று தெரியவில்லை. ஒருநாள் வகுப்பில் ஆசிரியர் ஒன்றைக் கேட்டார். விடை தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு இரவில் நித்திரையும் வரவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அம்மா என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதைத்தான் நினைக்கிறார் என்று பட்டது.

யுத்தம் முடிந்த பிறகு, காணாமல் போனவர்களைப் பற்றிக் கேட்க ஒரு விசாரணைக் குழு வந்தது. ஒரு மண்டபத்தில் நீண்ட வரிசை. அம்மா ஒரு புகைப்படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். எங்கள் முறை வந்ததும் நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஏன் மாமாவைக் கூப்பிட்டார்கள் என்று கேட்டார்.

“ஆரோ அவன்ட பேரச் சொல்லிக் குடுத்திட்டாங்க ஐயா.”

“யாரென்று தெரியுமா அம்மா?”

“தெரியா.”

“உங்களுக்கு யார்மேலயாவது சந்தேகம்?”

“ஒருத்தர் மேலயும் இல்ல ஐயா,” என்றார் அம்மா. என் பக்கம் திரும்பவேயில்லை. விசாரித்தவர் ஆங்கிலத்தில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. அம்மாவுக்கு அது மறந்துபோய்விட்டது என்றுதான் நினைத்தேன். இத்தனை முகாம், இத்தனை வாசல், இத்தனை கடிதங்களுக்கிடையில் ஒரு பிள்ளை சொன்ன பேச்சு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, பல வருடங்களுக்குப் பிறகு முதன்முறையாக விடியும்வரை நன்றாக நித்திரை கொண்டேன்.